நான்கு ஆண்டுகளாக ஒரே மீன் தொட்டி: நெரிசலும் தீவனமும் எனக்குக் காட்டியவை

200 லிட்டர் தொட்டியில் சிக்லிட் என்ற சண்டைக்கார மீன்கள் வளர்க்கிறேன். முதல் ஆண்டில் பதினெட்டு மீன்கள், 45 சதவீதப் புரதமுள்ள குருணைத் தீவனம். கூட்டமாக வைத்தால் ஒரே மீன் மட்டும் தொடர்ந்து அடிவாங்காது என்று கேட்டுச் செய்தேன். அது பலித்தது. ஆனால் அம்மோனியா சோதனைக் குழாய் அடிக்கடி பச்சையானது; மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை என்றால் இருக்கிறது.

கழிவென்றால் அடியில் கிடக்கும் எச்சம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் மீனின் அம்மோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. அது புரதம் செரித்த மிச்சம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன்; அதிலிருந்துதான் அம்மோனியா உருவாகிறது. அந்த 45 சதவீதத் தீவனத்தில் 10 கிராம் போட்டால் 0.7 கிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் போகிறது. உடலில் சேருவது போக மீதி தண்ணீருக்குத்தான். நான் காலையில் தீவனத்துக்கு முன்பே சோதித்து நிம்மதியடைந்தேன். அம்மோனியா ஏறுவதோ சாப்பிட்ட சில மணி நேரம் கழித்து. கார அமில அளவு (pH) 7-லிருந்து 8-க்குப் போனால் அதன் நச்சு வடிவம் சுமார் பத்து மடங்கு பெருகும். இதைத் தெரிந்துகொள்ளும் முன் மூன்று மீன்களை இழந்தேன். இன்றும் அது வருத்தம்தான்.

பயந்துபோய் வாரத்துக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினேன். மாற்றிய அன்றும் மறுநாளும் சண்டை மூளும். துடுப்பு கிழியும். வெப்பநிலை வேறுபாடு என்று நினைத்துச் சரிசெய்தும் நிற்கவில்லை.

மீன்களுக்குச் சிறுநீர் வெறும் கழிவல்ல. சிக்லிட் வகையைச் சேர்ந்த மொசாம்பிக் திலாப்பியாவில் ஆதிக்க ஆண் சிறுநீரைச் சேர்த்து வைத்து, எதிரியைக் கண்டதும் விட்டுவிட்டுப் பீய்ச்சும். அந்தச் சிறுநீரின் வாசனை, அடங்கிப்போன ஆணுடையதைவிட வீரியமானது. யார் பெரியவன் என்ற பேச்சே தண்ணீரில்தான் நடக்கிறது. பாதியை ஒரே நாளில் கொட்டினால் அந்தப் பேச்சும் நீர்த்துப்போகும், யார் பெரியவன் என்ற வரிசையை மறுபடி சண்டையிட்டுத் தீர்க்க வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு. தீவனமும் வாசனையை மாற்றுகிறது: ஸ்டிக்கிள்பேக் மீன்கள் தம்மைப் போலவே உண்ட மீன்களோடு சேர விரும்புகின்றன. அதனால்தான் இப்போது தீவனத்தைத் திடீரென்று மாற்றுவதில்லை; பழையதோடு கலந்து இரண்டு வாரத்தில் மாற்றுகிறேன்.

இரண்டாம் ஆண்டிலிருந்து பதினொரு மீன்கள். 35 சதவீதப் புரதத் தீவனம், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. ஒருநாள் விட்டு ஒருநாள் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுகிறேன். சாப்பிட்ட பிறகு சோதித்தாலும் குழாய் மஞ்சளாகவே நிற்கிறது. தண்ணீர் மாற்றிய நாளின் கிழிந்த துடுப்புகளும் அரிதாகிவிட்டன.

இதிலும் ஒரு குறை உண்டு. மீன்கள் குறைந்ததும் ஒரு பெரிய ஆண் தொட்டியில் பாதியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணை மட்டும் விரட்டத் தொடங்கியது. நடுவில் கற்களை உயர்த்தி அடுக்கினேன். இப்போது அவள் மறுபக்கம் மேய்கிறாள். ஓரமாகத்தான், ஆனால் துடுப்பு முழுசாக இருக்கிறது.