புது ஹார்ட் டிஸ்க் என்று நம்பி 36,400 ரூபாயை இழந்தேன். வடசென்னைக்காரர்களே, கவனம்!

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வழக்குப் போடும்வரை கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம், கணினியும் கண்காணிப்புக் கேமராவும் விற்று, பழுதும் பார்க்கிற கடை.

தம்பு செட்டித் தெருவில் எங்களுடையது, இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் சிறிய கிளியரிங் அலுவலகம். அப்பா தொடங்கியதை நானும் தம்பியும் நடத்துகிறோம். ஒரு கன்டெய்னர் வந்தால் சுங்கத்துக்குத் தரும் பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று கத்தையாகக் காகிதம் சேரும். சுங்க முகவர் விதிப்படி அவற்றை ஐந்து ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, நான்கு டிஸ்க் போட்ட சேமிப்புப் பெட்டியில் ரெய்டு 5 முறையில் வைத்திருந்தோம். அதில் ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றையும் படித்து, புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் திரும்ப எழுதிக்கொள்ளலாம். இரண்டாவதும் போனால் மொத்தமும் போயிற்று.

சென்ற மாதம் மூன்றாவது டிஸ்க் பழுதாகி, பெட்டி கூவத் தொடங்கியது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகலாம் என்றான் தம்பி. தெரிந்த கடை பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு அலைய வேண்டும் என்று தடுத்தவள் நான்.

கடைக்காரர் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "உங்கள் அப்பாவுக்கு முதல் கம்ப்யூட்டர் கொடுத்ததே நான்தான் அம்மா. உங்களுக்குப் போய்த் தப்பான பொருள் தருவேனா?" என்றார். வெள்ளி நிற உறையை என் கண் முன்னால் கத்தரித்து, டிஸ்க்கைக் கையில் கொடுத்தார். "மூன்று வருட வாரன்டி. கம்பெனி தராவிட்டால் நான் தருகிறேன்" என்று நெஞ்சில் கை வைத்தார். அந்தக் கையைத்தான் நம்பினேன். ஒன்று போதும் என்றவளிடம், அவசரத்துக்கு இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டாவதையும் தள்ளிவிட்டார். ஒன்று 11,200 வீதம் இரண்டுக்கு 22,400, மாட்டும் கூலி 2,000. பில் கேட்டபோது, ஜி.எஸ்.டி. போட்டால் 18 சதவீதம் கூடும் என்று சொல்லி, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். நாளெல்லாம் இன்வாய்ஸ் பார்க்கிற நான் அதை வாங்கிப் பைக்குள் வைத்தேன். நினைத்தால் வயிறு எரிகிறது.

மாட்டிய டிஸ்க் அன்று இரவே, 72 சதவீதம் எழுதிய நிலையில் நின்றுவிட்டது. அதுவரை எங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் இரண்டாவது டிஸ்க்கை மாட்ட ஒரு பையனை அனுப்பினார். திரை 'டிஸ்க் 3' என்றது. இடமிருந்து எண்ண வேண்டியதை அவன் வலமிருந்து எண்ணி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாவதை உருவிவிட்டான். சீரியல் நம்பரை ஒப்பிட்டே பார்க்கவில்லை. பெட்டி அலறியதும் பதறிப்போய், பழையதை அழித்து எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கும் பொத்தானை அழுத்தினான். "ஒன்றுமில்லை அக்கா, சரியாகிவிடும்" என்றான்.

தகவலை மீட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் இன்னொரு 12,000 வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தவை பெயரில்லாத, திறக்காத கோப்புகள். ஆக மொத்தம் 36,400 ரூபாய். அதோடு எட்டு மாத ஆவணங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் பழைய பிரதி ஒன்று இருந்ததால்தான் மற்றவை தப்பின.

அதற்குப் பிறகு அவர் பேசிய பேச்சுகள்! முதலில் "உங்கள் பகுதியில் மின்சாரம் ஏறி இறங்குகிறது" என்றார். அடுத்த வாரம் "உறையைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க முடியாது" என்றார். பிரித்தது யார்? பிறகு "வாரன்டியைக் கம்பெனியிடம் கேளுங்கள்" என்றார். மூன்று திங்கட்கிழமை வரச் சொன்னார், மூன்று முறையும் அவர் கடையில் இல்லை. வாட்ஸ்அப்பில் பார்த்த அடையாளம் விழுகிறது, பதில் வருவதில்லை.

நேற்று அத்தை மகன் வந்து இரண்டு டிஸ்க்குகளையும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தான். டிஸ்க்கே தன் நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில், ஒன்று ஓடியது 11 மணி நேரம், மற்றது 4 மணி நேரம். திருகாணித் துளையில் கீறலைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகம். இவை போன்ற சீகேட் கம்பெனி டிஸ்க்குகளில், ஓடிய நேரத்தைக் குறிக்கும் ஃபார்ம் என்ற தனிப் பதிவும் ஒன்று உண்டு. ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்கியவர்கள் அதைத் தொடவில்லை. இரண்டுமே 27,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியவை! இடைவிடாமல் மூன்று ஆண்டுகளுக்கும் அதிகம். எங்கோ கழித்துப்போட்டதைத் துடைத்துப் புது உறைக்குள் போட்டு என் தலையில் கட்டியிருக்கிறார். 36,400 ரூபாய், அப்பாவின் பெயரைச் சொல்லி.

அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் டிஸ்க் வாங்காதீர்கள், அதில் சீரியல் நம்பர் இருக்கட்டும். பணம் கொடுக்கும் முன் அந்த நம்பரை உற்பத்தியாளரின் தளத்தில் போட்டு வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை ஸ்மார்ட் பதிவில், கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களும் (தகவல் எழுதும் சிறு பகுதிகள்), படிக்க முடியாமல் நிலுவையிலுள்ள செக்டார்களும் கூடுகின்றனவா என்று கவனியுங்கள். எங்கள் பெட்டி அனுப்பிய எச்சரிக்கை மின்னஞ்சல்களை யாரும் திறக்கவே இல்லை. டிஸ்க்கை உருவும் முன் சீரியல் நம்பரைப் பாருங்கள். ரெய்டு இருக்கிறதே என்று தனிப் பிரதி எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். நான் இன்று காலை அழைத்துவிட்டேன், அடுத்தது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

இதற்கு மேல் எழுத நேரமில்லை. எட்டு மாத இன்வாய்ஸ்களின் நகலை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமாகக் கேட்டு வாங்க வேண்டும். தம்பி போனை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.