லாக்அவுட் ஆன பிறகும் ஓட வேண்டும்: டீமக்ஸோடு சில வருடங்கள்

பெங்களூருவில் லேப்டாப்பை மூடும் நேரம் நம் கையில் இல்லை. சில்க் போர்டு நெரிசலுக்கு முன் கிளம்பும் கேபைப் பிடித்தாக வேண்டும், சர்வரில் டேட்டா ஏற்றும் ஸ்கிரிப்ட் பாதியில் இருந்தாலும் சரி. தொலைவிலுள்ள சர்வரோடு நம்மை இணைக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்ததும், சிக்ஹப் என்ற சிக்னல் ஷெல்லுக்கு, அதாவது நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராமுக்கு, வரும். ஷெல்லோடு ஸ்கிரிப்ட்டும் படுத்துவிடும்.

நோஹப் என்ற கட்டளை செய்வது அந்த சிக்னலைக் கண்டுகொள்ளாமல் விடவைப்பது மட்டுமே. ராத்திரி ஒரு பேக்கப் ஓட்ட இன்றும் எனக்கு அது போதும். பைத்தான் ஸ்கிரிப்ட் என்றால் மைனஸ் யூ சேர்த்து ஓட்டுங்கள். இல்லாவிட்டால் வெளியீடு பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் தேங்கி, அது போய்ச் சேர வேண்டிய நோஹப்.அவுட் கோப்பு வெகுநேரம் காலியாகவே கிடக்கும். ஆனால் நடுவில் 'தொடரலாமா?' என்று கேட்கும் ஸ்கிரிப்டுக்கு இது உதவாது, பதில் சொல்ல வழியே கிடையாது.

அதற்குத்தான் டீமக்ஸ்: சர்வரிலேயே ஒரு டெர்மினல் செஷனைத் திறந்து, நம் இணைப்பு போனாலும் அதை உயிரோடு வைத்திருக்கும் புரோகிராம். 1987-இல் வந்த ஸ்க்ரீனும் இதே வேலையைச் செய்யும்; ரெட் ஹாட் தன் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 8-ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டு டீமக்ஸைக் கைகாட்டியதால் நானும் மாறினேன். கண்ட்ரோல்-பி, அப்புறம் டி: வெளியே வந்தாச்சு. வீட்டுக்குப் போய் 'டீமக்ஸ் அட்டாச்' அடித்தால் கர்சர் விட்ட இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. திரையில் ஓடி மறைந்த பழைய வரிகளில், நாம் மாற்றாவிட்டால், 2000 மட்டுமே வைத்திருக்கும். காலையில் பிழைச் செய்தியைத் தேடி மேலே போனால் அது எப்போதோ உருண்டோடியிருக்கும். ஹிஸ்டரி லிமிட்டை 50000 ஆக்கினேன். ஏற்கெனவே திறந்திருந்த ஜன்னல்களுக்கு அது பொருந்தவில்லை, புதிதாகத் திறப்பவற்றுக்குத்தான். அதே செஷனில் டீமில் உள்ள பையன் அவனுடைய சின்ன லேப்டாப்பிலிருந்து நுழைந்தால், பழைய பதிப்பில் என் திரையும் சுருங்கி ஓரமெல்லாம் புள்ளிகளாகிவிடும். "அண்ணா, நான் வெளியே வந்துடவா?" என்பான். அவனோடு சேர்ந்து பிழை தேடும் வசதிக்காக அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

லினக்ஸில் சர்வீஸ்களையும் லாகின்களையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 2016-இல் வந்த 230-ஆம் பதிப்பு, லாக்அவுட் ஆனதும் பயனரின் எல்லாப் புராசஸையும் கொல்வதை இயல்பாக்கியது, டீமக்ஸ் உட்பட. பல லினக்ஸ் விநியோகங்கள் அதை அணைத்தே தருகின்றன. புது சர்வர் கைக்கு வந்தால் லாகின் அமைப்புகள் உள்ள லாகின்டி.கான்ஃப் கோப்பில் 'கில் யூசர் புராசசஸ்' வரியை முதலில் பார்த்துவிடுவேன்.

ரீபூட்டுக்கு மட்டும் டீமக்ஸிடம் மருந்தில்லை. அதனால் நாள்கணக்கில் ஓட வேண்டியவற்றை சிஸ்டம்டி பின்னணியில் ஓட்டும் யூசர் சர்வீஸாக்கி, 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' கட்டளையையும் கொடுத்துவிட்டேன். பேட்ச் போட்டு சர்வர் எழுந்ததும், யாரும் லாகின் செய்யாமலே அவை கிளம்பிவிடுகின்றன.