மின்டெக்கா, 2007-ன் துறையா?

பிரிட்டனில் அறிவியலுக்கென்று புதிதாக ஒரு துறையைத் தொடங்குவதும், சில ஆண்டுகளில் அதைக் கலைப்பதும் பலமுறை நடந்திருக்கிறது. அவற்றில் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று, பிரதமர் ஹரால்ட் வில்சன் 1964-ல் தொடங்கிய தொழில்நுட்ப அமைச்சகம், சுருக்கமாக மின்டெக். இன்னொன்று, பிரதமர் கார்டன் பிரவுன் 2007-ல் தொடங்கிய புத்தாக்கம், பல்கலைக்கழகங்கள், திறன்கள் துறை. முன்னது ஆறு ஆண்டு இருந்தது, பின்னது இரண்டே ஆண்டு. இரண்டில் எது மேல் என்றால், என் ஓட்டு மின்டெக்குக்குத்தான்.

அதன் தொடக்கம் சுமார்தான். அமைச்சராக முதலில் வந்த ஃபிராங்க் கசின்ஸ் ஒரு தொழிற்சங்கத் தலைவர். அரசின் ஊதியக் கட்டுப்பாட்டை ஏற்காமல் 1966-ல் விலகிவிட்டார். அடுத்து வந்த டோனி பென் காலத்தில்தான் வேலை சூடுபிடித்தது. தேசிய இயற்பியல் ஆய்வகமும் அணுசக்தி ஆணையமும் ஏற்கெனவே அதன் பொறுப்பில் இருந்தன. 1967-ல் விமானத் துறை அமைச்சகம் சேர்ந்ததும் ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானமான கான்கார்ட் திட்டமும் கைக்கு வந்தது. கணினி விஷயத்தைப் பாருங்கள்: ஐபிஎம்மோடு தனித்தனியாக மோத முடியாத உள்நாட்டு நிறுவனங்களை ஒன்றுசேர்த்து, 1968-ல் ஐசிஎல் என்ற கணினி நிறுவனம் உருவாக வழிசெய்தது. அரசு பணமும் கொடுத்தது, பங்கும் வாங்கியது. சொன்னதைச் செய்யும் அதிகாரம் அந்த அமைச்சகத்திடம் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஆராய்ச்சிக்கு அரசு நிதியைப் பகிர்ந்தளிக்கும் ஆராய்ச்சி மன்றங்கள் கல்வி, அறிவியல் துறைக்குப் போய்விட்டதால் அடிப்படை அறிவியல் இதற்கு எட்டவில்லை. 1969-ல் எரிசக்தியும் வந்து சேர, எதைத்தான் கவனிப்பது என்ற நிலை. 1970-ல் புதிதாக வந்த பிரதமர் ஹீத்தின் அரசு அதை வணிக வாரியத்தோடு இணைத்துவிட்டது.

2007-ன் துறை காகிதத்தில் இதைவிடக் கச்சிதம். பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி மன்றங்களும் ஒரே அமைச்சர் ஜான் டென்ஹமின் கீழ் வந்தன. ஆனால் முதல் நிதி ஒதுக்கீட்டிலேயே, இயற்பியலையும் வானியலையும் கவனிக்கும் மன்றத்துக்குச் சுமார் 8 கோடி பவுண்டு துண்டு விழுந்தது. ஹவாயிலும் சிலியிலும் உள்ள ஜெமினி தொலைநோக்கிகளிலிருந்து விலகுவதாக அறிவிக்கும் அளவுக்குப் போனது நிலைமை. சிக்கலின் வேர், துறை தொடங்குவதற்குச் சில மாதம் முன்பு இரண்டு மன்றங்களை இணைத்து இந்த மன்றத்தை உருவாக்கியதில் இருந்தது, சரி. ஆனாலும் அறிவியலுக்காகவே வந்த துறை அதைச் சரிசெய்திருக்க வேண்டும். 2009 ஜூனில் அதுவும் வணிகத் துறையில் கரைந்தது.

2023-ல் ரிஷி சுனக் தொடங்கிய அறிவியல், புத்தாக்கம், தொழில்நுட்பத் துறையில் ஆராய்ச்சி நிதியும் தேசிய இயற்பியல் ஆய்வகமும் ஒன்றாக இருக்கின்றன. மின்டெக்குக்குக் கடைசிவரை கிடைக்காத சேர்க்கை அது. பல்கலைக்கழகங்கள் மட்டும் இன்னும் கல்வித் துறையிடமே.