சின்சில்லாவின் இதய மருந்துக்கு 1 மில்லி சிரிஞ்சு: மூன்றில் ஒன்றுதான் தேறும்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் ஒரு மெடிக்கலில் போய் "1 மில்லி சிரிஞ்சு" என்று மட்டும் கேட்டால் மூன்றில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம்: சிவப்பு மூடி இன்சுலின் சிரிஞ்சு, ஆரஞ்சு மூடி இன்சுலின் சிரிஞ்சு, டியூபர்குலின் சிரிஞ்சு. மூன்றும் ஒரே தடிமன், ஒரே நீளம். ஆனால் அரைக் கிலோ சொச்சம் எடையுள்ள சின்சில்லாவுக்கு (அடர்ந்த ரோமமுள்ள வளர்ப்புக் கொறிப்பிராணி) ஃபுரோசமைடு (நீர் பிரிக்கும் மருந்து), பிமோபெண்டான், எனாலபிரில் போன்ற இதய மருந்துகளை வாய்வழி அளந்து கொடுக்க டியூபர்குலின்தான் லாயக்கு. விலையும் ஒரு டீக்காசை ஒட்டித்தான்.

சிவப்பு மூடி ஏன் ஆகாது? அது யூ-40, அதாவது மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது. 1 மில்லியை 40 கோடாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கோடு 0.025 மில்லி. ஆரஞ்சு மூடி யூ-100, மில்லிக்கு 100 யூனிட். ஒரு யூனிட் 0.01 மில்லி. மருத்துவர் 0.1 மில்லி எழுதியதை யாரோ "பத்துப் புள்ளி" என்று மனதில் பதித்துக்கொண்டு சிவப்பு மூடியில் பத்துக் கோடு இழுத்தால் 0.25 மில்லி உள்ளே போகும். இரண்டரை மடங்கு. ஃபுரோசமைடில் அந்தப் பிழை நடந்தால் உடம்பு வறண்டு சிறுநீரகம் அடிவாங்கும். ஆரஞ்சு மூடியில் கணக்கு சரிதான், ஆனால் பலவற்றில் ஊசி கழற்ற முடியாதபடி பதித்திருக்கும். அதை வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம் என்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். வெட்டிய முனை வாயைக் கிழிக்கும்.

டியூபர்குலின் சிரிஞ்சில் 0.01 மில்லிக்கு ஒரு கோடு, ஊசியைக் கழற்றி எறியலாம், முனை மெல்லியது. குறைகளும் உண்டு. நான்கைந்து நாள் கழுவினால் கோடுகள் அழியத் தொடங்கும். ரப்பர் இறுகி, அழுத்தும்போது ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு சட்டென்று பாயும்; அந்தப் பாய்ச்சலில்தான் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போகிறது. வழுக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுவது நம் ஊர் வழக்கம். எண்ணெயில் ரப்பர் உப்பி இன்னும் மோசமாகும். இறுகியதைத் தூக்கிப்போட்டுப் புதிது எடுப்பதே சிக்கனம்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. மருந்தைக் கொடுத்து முடித்தபின் முனையில் ஒரு துளி தங்கும். அது அளவில் சேராது. கோடு காட்டும் மருந்து ஏற்கெனவே வெளியே போய்விட்டது. "வீணாகிறதே" என்று கொஞ்சம் தண்ணீர் இழுத்து அலசி அதையும் ஊட்டினால் எழுதியதைவிடக் கூடுதலாகப் போகும். காற்றுக் குமிழி இதற்கு நேர் எதிர்: 0.1 மில்லியில் 0.03 குமிழி இருந்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மருந்தே இல்லை. முனையை மேலே பிடித்து, தட்டி, குமிழியை வெளியேற்றிவிட்டுத்தான் கோட்டைப் பார்க்க வேண்டும்.

சிரிஞ்சு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கலவை சரியில்லை என்றால் பயனில்லை. ஃபுரோசமைடு 40 மி.கி. மாத்திரையைப் பொடித்து 20 மில்லியில் கலந்தால் மில்லிக்கு 2 மி.கி.; 1 மி.கி. எழுதியிருந்தால் 0.5 மில்லி. கணக்கு சுலபம், ஆனால் இந்தப் பொடி தண்ணீரில் கரையாது, அடியில் படியும். குலுக்காமல் மேலாக எடுத்தால் முதல் நாள் வெறுந்தண்ணீர், கடைசி நாள் கெட்டி மருந்து. மாத்திரை மலிவு என்பதால் ஒவ்வொரு வேளையும் புதிதாகக் கலக்கி, குலுக்கி, எடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுவது நல்லது. பிமோபெண்டான் விலை அதிகம், அதுவும் எளிதில் கரையாது. அதை எதில் கலப்பது, எத்தனை நாள் வைப்பது என்று மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். நாய்க்கான மெல்லும் மாத்திரையில் இறைச்சி மணம் ஏற்றியிருப்பார்கள். புல் தின்னும் பிராணி முகத்தைத் திருப்பிக்கொள்வதில் வியப்பில்லை. அதற்காகத் தேனோ கருப்பட்டிப் பாகோ சேர்க்கக் கூடாது. சர்க்கரை ஏறினால் குடல் கிருமிகளின் ஒழுங்கு கெட்டு வயிறு உப்பும்.

கொடுக்கும்போது மல்லாத்தக் கூடாது. இதயம் பெருத்த பிராணிக்கு அந்த நிலையில் மூச்சு முட்டும். மெல்லிய துண்டில் தளர்வாகச் சுற்றி, நிமிர்ந்த வாக்கில் மடியில் வைத்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் பக்கவாட்டாக முனையை நுழைத்து, ஒரு தடவைக்கு 0.1 மில்லி. மெல்லும், விழுங்கும், பிறகு அடுத்தது. ரோமத்தைப் பிடித்து இழுத்தால் கொத்தாகக் கையோடு வந்துவிடும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

நெல்லை வெயிலில் இந்த மருந்துகளுக்கு ஒரு தனித் தொல்லை. சின்சில்லாவுக்கு 25 டிகிரியைத் தாண்டினாலே பாடு, நீர் பிரிக்கும் மருந்து எடுப்பதற்கு இன்னும் பாடு. ஏ.சி. அறை கட்டாயம், கரண்ட் போனால் கூண்டில் குளிர்ந்த கிரானைட் பலகை. தண்ணீர் பாட்டில் குழாயின் முனையிலுள்ள குண்டு அடைத்திருக்கிறதா என்று தினமும் விரலால் தொட்டுப் பாருங்கள். தூங்கும்போது மூச்சை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 40 முதல் 80 வரை இயல்பு, வழக்கத்தைவிட ஏறிக்கொண்டே போனால் அன்றே மருத்துவரிடம். எனாலபிரிலோடு மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தைக் கேட்காமல் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வேறு மருத்துவரிடமோ போகும்போது கலவையின் அளவு, கிராமில் எடை, பயன்படுத்தும் சிரிஞ்சு மூன்றையும் கையோடு கொண்டுபோனால் பாதிக் குழப்பம் தீரும்.

கடையில் "ஊசி கழற்றுகிற டியூபர்குலின், நூறு கோடு போட்டது" என்று கேளுங்கள், பத்தாக வாங்குங்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இன்சுலின் போடுகிறவர்கள் என்றால் சின்சில்லாவின் சிரிஞ்சை அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். அவசரத்தில் சிவப்பு மூடிதான் முதலில் கைக்கு வரும்.