துப்பாக்கிக் குழலுக்குக் கருப்பு ஏற்றும்போது உள்பக்கம் கெடாமல் இருக்க: ஆறு வருட அனுபவம்

கோவையில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். வருவதில் பாதி, தோட்டத்துக்காரர்களின் பன்னிரண்டு போர் (12 bore, குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி. தேர்தலுக்குக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கும்போது வெளியெல்லாம் துருப்புள்ளி. அதை எடுத்துவிட்டு மறுபடி கருப்பு ஏற்ற வேண்டும். இரண்டு குழலையும் ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள் என்பதால் கருப்பு ஏற்றும் சூடான காஸ்டிக் சோடா தொட்டியில் போட முடியாது, பற்றை அரித்துவிடும். மருந்து (துருப்பிடிக்க வைக்கும் அமிலக் கரைசல்) தடவி, துருவேற்றி, கொதிநீரில் அந்தச் செந்துருவைக் கருப்பாக்கித் தேய்க்கும் பழைய முறைதான் சரி. ஆறேழு சுற்றாவது ஆகும்.

முதல் வருடம் ஒரு குழலைக் கெடுத்துவிட்டேன். இரண்டு முனையிலும் மரத்தக்கையை இறுக்கி அடித்துக் கொதிநீரில் இறக்கினேன். உள்ளே இருந்த காற்று சூட்டில் விரிந்து தக்கையைத் தளர்த்தியதும் தண்ணீர் கசிந்து உள்ளே தங்கிவிட்டது. காலையில் பார்த்தால் தோட்டா அறைக்கு முன்னால் பழுப்பு வளையம். தேய்த்து எடுத்த பிறகும் குழி தெரிந்தது. "எங்கப்பாரு கையில இருந்த துப்பாக்கி தம்பி, கொஞ்சம் பாத்துச் செஞ்சிருக்கலாமுங்களே" என்றார் அந்தப் பெரியவர். இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் கிரீஸ் பூசிப் பார்த்தேன். அது உருகி நீர்மேல் படலமாக மிதந்தது. குழலைத் தூக்கும்போது வெளியே ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தில் அடுத்த சுற்றுத் துரு பிடிக்கவே இல்லை, திட்டுத்திட்டாக வந்தது. தச்சர்கள் போடும் அரக்குப் பாலிஷ் பரவாயில்லை, ஆனால் கொதிநீரில் வெளுத்து இளகியதால் அடிக்கடி மறுபூச்சு கொடுக்க வேண்டியிருந்தது.

நான்கு வருடமாக ஒரே முறைதான். உள்பக்க எண்ணெயை அசிட்டோனில் சுத்தமாக எடுத்துவிட்டு, தண்ணீர் தாங்கும் எண்ணெய் வார்னிஷை மெல்லிசாக இரண்டு பூச்சு. நன்றாகக் காயவிட வேண்டும், இதில் அவசரமே கூடாது. துருவேற்றும் பெட்டியில் (உள்ளே ஈரக்காற்று இருக்கும் மூடிய பெட்டி) வைக்கும்போது இரு முனைக்கும் தக்கை, ஏனென்றால் மருந்தின் ஆவி உள்ளே போனாலும் துருதான். நீண்ட தக்கையாக இருந்தால் அதையே கைப்பிடியாகப் பிடித்துக்கொள்ளலாம், விரல் வியர்வை குழலில் படாது. கொதிநீரில் இறக்கும்முன் தக்கையைக் கழற்றிவிடுவேன். உள்ளே போன நீர் தானே வடியும், சூட்டிலேயே உலர்ந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நம்ம ஊர் ஆழ்குழாய் உப்புத்தண்ணீர் வெள்ளைப் படலம் விட்டுவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் வாங்குகிறேன். சித்திரையில் பெட்டிக்குள் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். ஐப்பசி மழையில் அது தேவையில்லை, துரு வேகமாக ஏறுவதால் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

உள்பக்கம் குரோம் பூசிய குழலுக்கு இந்த வார்னிஷ் தேவையில்லை.

கடைசியில் தின்னரில் வார்னிஷைக் கழுவி, சோடா உப்புக் கரைசலில் மருந்தை முறித்து, எண்ணெய் விட்டுத் துணி இழுப்பேன். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்த பிறகுதான் உரிமையாளரை வரச் சொல்கிறேன்.