குளிர்காலத்தில் மூன்று நாள்: ப்ராகா, வியன்னாவா, புடாபெஸ்ட்டா?

டிசம்பர் நடுவில் புடாபெஸ்ட்டில் மணி நான்கு அடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிடும். வியன்னாவிலும் ப்ராகிலும் சில நிமிடம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். விடிவதோ ஏழரை, எட்டு மணிக்கு. மூன்று நாள் பயணம் என்று போனால் கையில் இருப்பது 25 மணி நேர வெளிச்சம். அதிலும் பாதி நேரம் வானம் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கும். படங்களில் பார்க்கிற வெண்பனியை நம்பி டிக்கெட் போடாதீர்கள். பனியே விழாமல் வெறும் குளிரும் மேகமுமாக நாட்கள் ஓடுவது மூன்று ஊரிலும் சகஜம்.

அதனால் யாராவது இந்த மூன்றில் எதற்குப் போகலாம் என்று கேட்டால், எது அழகு என்ற பேச்சையே நான் எடுப்பதில்லை. மூன்றும் அழகுதான். இருட்டிய பிறகு, விரல் விறைத்த பிறகு, அந்த ஊர் நம்மை எங்கே கொண்டுபோய் உட்கார வைக்கும் என்று மட்டும் பார்ப்பேன்.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது ப்ராக். அதன் சொத்தெல்லாம் தெருவில் கிடக்கிறது. 1357இல் அடிக்கல் நாட்டிய சார்லஸ் பாலம், 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வண்ண வீடுகள் எல்லாமே நடந்து, அண்ணாந்து பார்க்க வேண்டியவை. கோடையில் பாலத்தில் தோளை இடிக்காமல் நடக்க முடியாது. ஜனவரி காலை ஏழரைக்குப் போனால் 516 மீட்டர் பாலமும் 30 சிலைகளும் கிட்டத்தட்ட உங்களுக்கே. அது ஒரு பெரிய பாக்கியம், மறுக்கவில்லை. ஆனால் வல்டாவா ஆற்றுக் காற்று சும்மா விடாது. அரை மணி நேரத்தில் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வீர்கள். சரி, மலைமேல் கோட்டைக்குள் ஒதுங்கலாம் என்று ஏறினால், 1344இல் தொடங்கி 1929இல் கட்டி முடித்த புனித விட்டஸ் தேவாலயம் வெளியைவிடக் குளிர்ச்சியாக இருப்பதுபோல் தோன்றும். கல் கட்டடம், வேறென்ன செய்யும்? நடைபாதையில் பாவியிருக்கும் சின்னச் சின்னச் சதுரக் கற்கள் ஈரமானால் வழுக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

ப்ராகில் எனக்கு ஒரு பழைய கோபமும் உண்டு. செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனாதான். முதல் முறை போனபோது பழைய நகரச் சதுக்கம் பக்கத்தில் ஒரு பணமாற்றுக் கடையில், 'கமிஷன் இல்லை' என்ற பலகையைப் பார்த்து 100 யூரோ நீட்டினேன். கமிஷன் இல்லைதான், விகிதத்திலேயே உருவிவிட்டார்கள். மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திருப்பிக் கொடுத்து ரத்து செய்துகொள்ளலாம் என்று 2019 முதல் அங்கே சட்டமே இருக்கிறது. இரவில் அறைக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பழைய போஹீமிய (செக் மண்ணின்) பலகாரம் என்று மூலைக்கு மூலை சுடும் ட்ர்டெல்னிக் என்ற இனிப்புச் சுருள் ரொட்டியும் கிட்டத்தட்ட அதே ரகம்தான், சுற்றுலாக்காரர்களுக்கென்றே சுடுவது. உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒன்றுக்காக மட்டும் டிசம்பரில் ப்ராக் போகலாம். கிறிஸ்துமஸுக்கு சில நாள் முன்னால் தெருவோரம் பெரிய பெரிய நீல நிறத் தொட்டிகள் முளைக்கும். உள்ளே உயிரோடு கெண்டை மீன்கள். பெரும்பாலும் தெற்கே ட்ரெபோன் குளங்களில் வளர்த்தவை. ரப்பர் ஏப்ரன் கட்டியவர் வலையால் அள்ளி, எடை போட்டு, அங்கேயே வெட்டித் தருவார். சிலர் உயிரோடு வாங்கிப்போய் 24ஆம் தேதி வரை வீட்டுக் குளியல் தொட்டியில் நீந்த விடுவதும் உண்டு. அதற்குள் பிள்ளைகள் மீனுக்குப் பேர் வைத்துவிடுவார்கள், அப்புறம் எங்கே சாப்பிடுவது!

வியன்னா இதற்கு நேர் எதிர். குளிர்காலத்துக்கென்றே கட்டிய ஊர்போல அதன் சொத்தெல்லாம் கூரைக்குக் கீழே. கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ப்ரூகெல் 1565இல் வரைந்த பனி வேட்டைக்காரர்கள் ஓவியம் இருக்கிறது. களைத்துப்போய்த் தலை தொங்கிய நாய்கள், மூன்று வேட்டைக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு நரி, கீழே உறைந்த குளத்தில் விளையாடும் பொடிப்பொடி மனிதர்கள். வெளியே குளிரில் நடந்து வந்து, கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போது அதன் முன்னால் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் பெரும்பாலான திங்கட்கிழமைகளில் அந்த அருங்காட்சியகம் மூடியிருக்கும், பயண நாளைப் பார்த்து வையுங்கள்.

மதியம் காபி விடுதி. ஒரு மெலான்ஜ் (பால் நுரை போட்ட காபி) சொன்னால் சின்ன உலோகத் தட்டில் காபியும் கூடவே ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரும் வரும். அந்தத் தண்ணீர் 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து குழாய் வழி வருவது. மரச்சட்டத்தில் கோத்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். மாலையில் அரசு ஆபராவின் நிற்கும் இடத்துக்கான சீட்டு, உட்காரும் இருக்கையோடு ஒப்பிட்டால் மிக மலிவு. நான் போனபோது உள்ளே போனதும் கைப்பிடிக் கம்பியில் கழுத்துத் துண்டைக் கட்டிவிட்டால் அந்த இடம் நம்முடையதாக இருந்தது. பஸ் சீட்டில் துண்டு போடுகிற நம் வழக்கம் வியன்னா ஆபராவிலும் செல்லுபடியாவதைக் கண்டபோது எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. ஷோன்ப்ரூன் அரண்மனை? 1,441 அறைகள் என்பார்கள், நமக்குக் காட்டுவது நாற்பது சொச்சம். நேரம் இருந்தால் போங்கள்.

வியன்னாவின் குறை, விலை. மூன்றில் அதிகம் செலவாகும் ஊர் அதுதான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும்.

புடாபெஸ்ட் மூன்றாவது வழியைச் சொல்கிறது: குளிர்கிறதா, வெந்நீரில் இறங்கு. பூமிக்கு அடியிலிருந்து 74, 77 டிகிரியில் பொங்கி வரும் நீரை ஆற்றி நிரப்பிய குளங்கள், 1913இல் திறந்த சேச்செனி பொதுக் குளியலகத்தில் திறந்த வானத்தின் கீழ் இருக்கின்றன. உடை மாற்றிவிட்டு, துண்டை இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தால் வெளியே பூஜ்யம் டிகிரி. கதவுக்கும் குளத்துக்கும் சில அடிதான், ஆனால் அந்தச் சில அடி ஓட்டத்தை வாழ்நாளில் மறக்க மாட்டீர்கள். கழுத்துவரை இறங்கியதும் நீராவியில் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. முகம் தெளிந்தால், இடுப்பளவு நீரில் நின்றபடி இரண்டு தாத்தாக்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். தலைமுடி நனைந்திருந்தால் நுனி விறைக்கும், உடம்பு மட்டும் ரசத்தில் போட்ட வடைபோல ஊறும். அங்கே கொண்டுவிடுவதே ஒரு பழம்பொருள்: 1896இல் ஓடத் தொடங்கிய சின்ன மஞ்சள் மெட்ரோ, ஐரோப்பியப் பெருநிலத்தில் மிகப் பழையது. துருக்கியர் காலக் கட்டடம் வேண்டுமென்றால் ருடாஷ் குளியல் இருக்கிறது. அதன் எண்கோணக் குளம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

இருட்டு சீக்கிரம் வருவது இந்த ஊருக்கு நஷ்டமே இல்லை. 2ஆம் எண் டிராமில் ஏறி டான்யூப் ஓரமாகப் போனால் சங்கிலிப் பாலமும் எதிர்க்கரைக் கோட்டையும் விளக்கு வெளிச்சத்தில் ஜன்னலுக்கே வரும். பசித்தால் லாங்கோஷ். எண்ணெயில் பொரித்த மாவின்மேல் பூண்டும் புளித்த க்ரீமும் சீஸும். நம் பட்டூராவின் தடித்த அண்ணன். சைவக்காரர்களுக்கு அது பெரிய ஆறுதல். குளியல் கட்டணம் மட்டும் இப்போது 30 யூரோவைத் தாண்டிவிட்டது. மலிவு ஊர் என்ற பழைய பேச்சு அங்கே எடுபடாது. வெந்நீர்க் குளங்களில் சிறுவர்களுக்குக் கட்டுப்பாடும் உண்டு.

தேதியும் முடிவை மாற்றும். வியன்னா நகர மண்டபத்துக் கிறிஸ்துமஸ் சந்தை டிசம்பர் 26உடன் முடியும். ப்ராகின் சதுக்கச் சந்தை ஜனவரி 6 வரை நீளும். கிறிஸ்துமஸ் தாண்டிப் போகிறவர்களுக்கு ப்ராக் ஒரு படி ஏறிக்கொள்கிறது. 24ஆம் தேதி பிற்பகல் முதல் ப்ராகிலும் வியன்னாவிலும் கடைகள் அடங்கிவிடும், புடாபெஸ்ட்டில் அன்று முழுநாளும் விடுமுறை; முன்னதாகவே ரொட்டியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும், கட்டணம் 90 யூரோ. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே விசாதானே என்று ஐந்து நாளில் மூன்றையும் பார்க்கக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வியன்னாவிலிருந்து ப்ராகுக்கு ரயிலில் நான்கு மணி நேரம்; குளிர்காலப் பகலில் பாதி அதிலேயே போய்விடும். இரண்டு ஊர்தான் வேண்டும் என்றால் வியன்னாவும் புடாபெஸ்ட்டும். இடையில் இரண்டே முக்கால் மணி நேரம்தான், இருட்டிய பிறகு ஏறினால் எதையும் இழக்கவில்லை.

அப்பா அம்மாவோடு என்றால் வியன்னா. நான் என் காசில், மூன்றே நாள், ஜனவரியில் போவதென்றால் புடாபெஸ்ட். ப்ராகை ஏப்ரலுக்கு வைத்துக்கொள்வேன். புடாபெஸ்ட் என்று முடிவானால் வீட்டிலிருந்தே ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் பழைய துண்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், குளியல் வாசலில் வாங்கினால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு.