டேப்லெட் சர்வேயா, ஊரில் தங்கி ஆய்வா?

காரைக்குடியில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, கண்மாய்த் தண்ணி, அதனால ஊருக்குள்ள வர்ற தகராறு, ரெண்டையும் சேர்த்து எடுத்திருக்கேன். நூறு ஊருக்குப் போய்க் கேள்வித்தாள் போடவா, ஒரே ஊர்ல உக்காந்துரவா?" நான் இரண்டையும் செய்தவன். முதலில் இரண்டு வருஷம் ஒரு ஆய்வுத் திட்டத்துக்காகச் சம்பளத்துக்கு, டேப்லெட் கணினியில் பதில்களைத் தட்டி, சர்வே எடுத்தேன். அப்புறம் என் சொந்த ஆய்வுக்காகத் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பதினான்கு மாதம் தங்கினேன். என் ஓட்டு தங்குவதற்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு, நேரம் எல்லாம் தெரிந்த கதை. சர்வே நாலு மாதத்தில் முடியும், அட்டவணை நிறைய வரும், நெறியாளருக்குச் சந்தோஷம். தங்கினால் வாடகை, கடைச் சாப்பாடு, "எப்பப்பா முடிப்ப" என்று வீட்டிலிருந்து வாராவாரம் போன். இதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அதே ஆளிடம் அதே கேள்வியை இரண்டாம் தரம் கேட்க முடியுமா என்பதை மட்டும் பாருங்கள்.

நான் பிற்பாடு தங்கிய ஊருக்கு முதலில் டேப்லெட்டோடுதான் போயிருந்தேன், சித்திரை வெயிலில். "கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் ஊரில் தண்ணீர் தொடர்பாகத் தகராறு நடந்ததா?" ஆம், இல்லை, தெரியாது. இருபத்து நாலு வீட்டில் இருபத்திரண்டு வீடு 'இல்லை'. எங்க ஊர் ஒத்துமையான ஊருங்க என்று மோர் வேறு கொடுத்தார்கள். நானும் தட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வருஷம் அங்கேயே குடிபோய் ஐந்தாவது மாதம், கார்த்திகை. கண்மாயில், நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நின்றது. அன்று 'இல்லை' சொன்ன பெரியவர் ஒருவரோடு கரையில் நடந்துகொண்டிருந்தேன். பழைய கலுங்குகளில் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லுக்கு நடுவே கறுத்துப்போன வைக்கோல் ஒரு கொத்து மாட்டியிருந்தது. அதைக் காலால் தள்ளிக்கொண்டே அவராகத்தான் ஆரம்பித்தார். கண்மாய் பெருகிய ஒரு வருஷம், ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் கல்லிடுக்கில் மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்திருக்கிறார்கள். அடைத்தால் இங்கே ஒரு அடி தண்ணீர் கூட நிற்கும், கீழ்க்கண்மாய்க்குப் போக வேண்டியது அவ்வளவும் நின்றுபோகும். விடியுமுன் கீழூர்க்காரர்கள் கம்போடு வந்து உடைத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது, ஸ்டேஷன் வரை போய், கடைசியில் கோயில் வாசலில் பேசி முடித்தார்கள்.

"அன்னிக்குக் கேட்டப்ப இல்லைன்னீங்களே ஐயா?"

"அன்னிக்கு நீங்க யாருன்னு தெரியாதே தம்பி. பலகையத் தடவிக்கிட்டு வந்தீங்க, போலீசுக்குத்தான் எழுதுறீகளோன்னு இருந்துச்சு. அதுவும் போக, அது பேசி முடிஞ்ச விசயம்ல? முடிஞ்சதைத் தகராறுன்னு சொல்லுவாகளா?"

அவர் பொய் சொல்லவில்லை. தகராறு என்ற சொல்லுக்கு அவர் வைத்திருந்த பொருள் வேறு. இன்னொன்றையும் கவனியுங்கள்: சண்டை வந்தது வறட்சியில் இல்லை, மழை நன்றாகப் பெய்த வருஷத்தில். தட்டுப்பாடு கூடினால் மோதல் வரும் என்று 1990களில் கனடா அரசியல் அறிஞர் தாமஸ் ஹோமர்-டிக்சன் போன்றவர்கள் எழுதியதன் சாயல், சுற்றுச்சூழலையும் மோதலையும் சேர்த்துப் பார்க்கும் தெற்காசிய ஆய்வுகளில் இன்றும் இருக்கிறது. வறண்ட கண்மாயில் எதை வைத்து அடித்துக்கொள்வது? என் சர்வே இந்த ஊரை 'மோதல் இல்லை' என்ற கட்டத்தில் போட்டு, மழை அளவோடு சேர்த்து ஒரு கோடும் வரைந்திருக்கும்.

2023இல் வெளிவந்த முதல் தேசிய நீர்நிலைக் கணக்கெடுப்பு, நாடு முழுக்க 24,24,540 நீர்நிலைகளை எண்ணியது. பெரிய வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஆக்கிரமிப்பு உள்ளவை 1.6 சதவீதம் என்று வந்திருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்க்கரையில் நின்று இதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், சிரிப்பார்கள். ஆக்கிரமிப்பைப் பற்றி ஒரு தரம் கேட்டால் வரும் பதில் அவ்வளவுதான்.

சர்வேயிலும் திரும்பப் போகலாமே என்பீர்கள். போகலாம். இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2004–05இல் 41,554 குடும்பங்களைப் பார்த்துவிட்டு, 2011–12இல் பெரும்பாலும் அதே குடும்பங்களிடம் மறுபடி போனது. நம் பக்கத்திலேயே சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களை வைத்து ஆராய்ந்த ஊர்களில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரமும் ஒன்று. 1930களில் வேறு ஆட்கள் போய் அந்த ஊர்களை மறுபடி பார்த்தார்கள். நிலம், கூலி, குடும்ப அளவு இதெல்லாம் மாறியதைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஏழு வருஷம் கழித்து வரும் புது ஆளிடம் கலுங்குக் கதை எப்படி வரும்?

சரி, தங்குவதில் உள்ள ஓட்டையையும் சொல்ல வேண்டும். என் ஊரில் நடந்ததை வைத்துப் பக்கத்து ஒன்றியத்தைப் பற்றிக்கூட நான் பேச முடியாது. நேபாளத்தில், பொதுவளங்களை ஊரார் எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமும் கூட இருந்தவர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டதால்தான், அரசுத் துறை நடத்துவதைவிட விவசாயிகளே நடத்துவது பெரும்பாலும் மேலாக இருக்கிறது என்று துணிந்து சொல்ல முடிந்தது. ஒரே ஊரில் உட்கார்ந்து அதைச் சொல்லவே முடியாது.

இன்னொரு ஓட்டை பெரிது. "தம்பி யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான் இங்கே முதல் கேள்வி, அதற்கு என்ன பதில் சொல்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் மற்ற பதில்கள். நான் கோயில் தெருவில் வீடு பிடித்தேன், வசதியாகக் கிடைத்தது, பிடித்துவிட்டேன். விளைவு, காலனிப் பக்கம் எனக்குக் கிடைத்தது பாதிக் கதை. கடை மடை வயல் யாருடையது, மீன்பாசி ஏலத்தில், அதாவது கண்மாய் மீனை ஏலம் விட்டதில், வந்த பணத்தில் அவர்களுக்கு என்ன வந்தது என்று நான் எழுதிய அத்தியாயம்தான் என் ஆய்வேட்டிலேயே பலவீனமானது. ராணுவம் நடமாடும் பகுதிகளில் நான் வேலை செய்ததில்லை. அங்கே தங்கினால் வீடு கொடுத்தவருக்கே ஆபத்தாகலாம், அதனால் அதற்கு என் யோசனையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பிக்கு உதவித்தொகை இரண்டே வருஷம். ஒரே வரத்துக்காலில் தண்ணீர் வரும் மேல்கண்மாய், கீழ்க்கண்மாய் இரண்டை எடுத்துக்கொள், ஐப்பசி கார்த்திகையில் மேலூரில் இரு, பங்குனியில் கீழூருக்குப் போய் அதே கதையைக் கேள், டேப்லெட்டைக் கடைசி மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள் என்றேன். வீடு கிடைத்ததும் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். எந்தத் தெரு என்றுதான் முதலில் கேட்பேன்.